தோற்றுப்போன இரண்டு படங்கள்

சனி, ஞாயிறு ஓய்வில் டெலிவிஷனில் எந்த ஹாலிவுட் படம் பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு, வெளிவந்தபோது வசூலில் தோற்ற இரண்டு பழைய படங்களைத்தான் நான் சிபாரிசு செய்வது வழக்கம்.

சனிக்கிழமைக்கு, 1957-ல் வந்த 'டுவெல்வ் ஆங்கிரி மென்'. ஓர் அறை, 12 ஜூரிகள்; அவர்கள் கையில் ஒரு பையனின் உயிர். பதினொரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள். ஒருவர் மட்டும் தயங்குகிறார். 96 நிமிஷமும் வெறும் பேச்சுத்தான். ஆனாலும் எழுந்திருக்க மனம் வராது.

ஞாயிற்றுக்கிழமைக்கு, பிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'. தன் வாழ்வே வீண் என்று உயிரைவிடத் துணிந்த ஒருவன், தான் பிறவாதிருந்தால் தன் ஊர் என்னவாகியிருக்கும் என்று காண்கிறான். 1946-ல் வந்த இந்தப் படத்துக்குப் போட்ட பணம் திரும்பவில்லை. 1974-ல் அதன் உரிமையைக்கூட யாரும் புதுப்பிக்கவில்லை. சும்மா கிடைக்கிறதே என்று அமெரிக்க டெலிவிஷன் நிலையங்கள் கிறிஸ்துமஸ் தோறும் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. ஜனங்கள் அதைத் தங்கள் பண்டிகையோடு சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். கதாநாயகனுக்குக் கிடைத்த மறுவாழ்வு படத்துக்கும் கிடைத்தது!

என் நாவல் ஒன்று பதிப்பாளரின் கிடங்கில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. இந்தப் படம் பார்த்த ராத்திரிகளில் மட்டும் அதை நினைத்து நான் பெருமூச்சு விடுவதில்லை.