மடுவுக்குச் சென்ற வீடு

1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்தோர் மடுக்காட்டுக்குக் கால்நடையாகவே சென்றனர். ஆகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்கு வண்டி கட்டிச் சென்ற எம் முன்னோர்க்கோ வண்டியே வீடாயிற்று; எமக்கு உழவு இயந்திரப் பெட்டி. அதனை வாங்கும்போது நான் நீள அகலங்களையே வினவினேன். தந்தையார், "இயந்திரம் இதை இழுக்கும், நிறுத்துமோ?" என்றார். பெட்டிக்கெனத் தனித் தடுப்பு இல்லை.

மன்னார்த் தாம்போதியிலேதான் மற்றொரு வினா எழுந்தது. தண்ணீர்ப் பீப்பாவைப் பெட்டியின் பின்கோடியில் ஏற்றியவன் நானே. 200 லீற்றர் நீர் 200 கிலோ அன்றோ! ஒற்றை அச்சுப் பெட்டி. முன்தண்டு மேலெழ, பெட்டி இருமருங்கும் அலைந்தது. உள்ளே அன்னையாரும் தங்கைமாரும். கரை சேர்ந்ததும் தந்தையார் ஏதும் பேசாது பீப்பாவை அச்சுக்குச் சற்று முன்னே நகர்த்திக் கட்டினார். படங்கும் பாயும் அரிசியும் அதன் பின்னரே இடம் பெற்றன. முருங்கன் தாண்டும்வரை நான் மட்காட்டில் அமர்ந்து பின்னேயே பார்த்திருந்தேன்.