பொத்தான் அமுக்குகிற பிள்ளை

உங்கள் பீரோவில் ஆரணிப் பட்டு ஒன்று இருந்தால், தயவு செய்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இல்லாவிட்டால் பாதகமில்லை, அடுத்த வீட்டு அம்மாளிடம் இரவல் கேட்கலாம்!

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கிறது பெரணமல்லூர். பெயரெல்லாம் ஆரணிக்கு, பாடு இப்படிச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் உண்டு. கல்யாணப் புடவை பார்க்க நான் அங்கே போனபோது, துணைக்கு வந்தவன் என் அக்கா மகன். சென்னையில் ஒரு டெலிவிஷன் நிலையத்தில் அவனுக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால் "ரூட்டிங்" என்பான். அக்காவுக்கு அது கடைசி வரையில் புரியவில்லை. பெண் வீட்டார் விசாரித்தால், "ஏதோ பொத்தான் அமுக்குகிறான்" என்று சொல்லி, வந்த சம்பந்தத்தை வாசலோடு அனுப்பிவிடுவாள்.

பையன் அன்று முகம் வாடியிருந்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நெசவாளர் வீட்டில் குழித்தறி. பெரியவர் குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்து ழக்கார் கண்ட யுக்தி. அதில் 240 கொக்கிகள். நூலால் கோத்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெட்டியில் மோதுகின்றன. அட்டையில் ஓட்டை இருந்தால் அதற்கு நேரான கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். நடுவே நாடா பாய்கிறது. உங்கள் மடியில் இருக்கிறதே, அந்தக் கரையிலுள்ள மாங்காய் இப்படித்தான் ஓட்டை ஓட்டையாகப் பிறந்தது!

"சித்தி! எங்கள் அறையில் இருப்பதும் இதுதான்!" என்று கத்தினான் பையன்.

பாவு இழைகளைப் போல ஒரு பக்கத்திலிருந்து காமிராப் படங்களும் மைக் ஒலிகளும் வருகின்றனவாம். ஊடையைப் போலக் குறுக்கே, அவை போய்ச் சேரவேண்டிய இடங்கள்: வீடுகளுக்குப் போகும் ஒளிபரப்பு, பதிவு இயந்திரம், டைரக்டரின் திரை. வருகிறது 16, போகிறது 16 என்றால், சந்திப்புகள் 256. ஒவ்வொன்றும் ஒரு சுவிட்சு. ஒரு படத்தைப் பதினாறு இடத்துக்கும் அனுப்பலாம். ஆனால் ஓர் இடத்துக்கு ஒரு சமயத்தில் ஒரு படம்தான். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்மணிகள் கம்பியைப் பிடுங்கிச் செருகுவார்களே, அந்த வேலையை இப்போது பொத்தான் செய்கிறது. எங்கே போகவேண்டும் என்பதை முதலில் அமுக்கி, எது போகவேண்டும் என்பதைப் பிறகு அமுக்கவேண்டும். பல சந்திப்புகளை முன்கூட்டியே அமைத்து வைத்து, ஒரே தட்டில் மாற்றுவதும் உண்டு. அதுதான் அட்டை!

பெரியவர் நாடாவை நிறுத்தினார். "ஓடுகிற படத்தை நடுவில் மாற்றினால் அறுந்து போகாதா, தம்பி?"

எனக்குத் தோன்றாத கேள்வி! நம் நாட்டு டெலிவிஷனில் நொடிக்கு 25 படங்கள். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. இயந்திரம் அதற்காகக் காத்திருந்து மாற்றுகிறது. காமிராக்களெல்லாம் ஒரே தாளத்தில் ஓடினால்தான் அது நடக்கும். "நாடா கரை சேர்ந்த பிறகுதானே நீங்கள் மிதியை மாற்றுகிறீர்கள்?" என்றான் பையன். பெரியவர் சிரித்தார். அவசரப்பட்டால் இழை அறுந்துவிடும் என்பது அவர் கால்களுக்குத் தெரியாதா?

அப்புறம்தான் பையன் மனம் திறந்தான். போன மாதம் ஒரு கோவில் தேர் நேரடி ஒளிபரப்பு. தன் மேஜைத் திரையில் ஸ்டூடியோவைப் பார்க்க நினைத்து ஒரு பொத்தானைத் தட்டினான். அவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த இடமோ மேஜைத் திரையல்ல, ஒளிபரப்பு! படமும் ஒலியும் தனித்தனித் தடம். அவன் மாற்றியது படத்தை மட்டும். தேர் மறைந்து, செய்தி வாசிக்கும் அம்மாள் காபி குடிக்கும் காட்சி, நாகஸ்வரப் பின்னணியுடன் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றே விநாடிகள்தான். மெமோ வந்துவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று கடிதத்தில் கண்டிருந்தது.

"பூட்டு கிடையாதா?" என்று கேட்டார் பெரியவர்.

"இருக்கிறது. அந்த இடத்தைப் பூட்டி வைத்தால் யார் தட்டினாலும் மாறாது. நான்தான் பூட்ட மறந்தேன்."

பெரியவரின் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு புடவையைக் கொண்டுவந்து விரித்தார். அரக்குக் கரை, மயில் கண் நீலம். கரையில் வரிசையாக அன்னங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு முறிவு. அட்டை ஒன்று இடம் மாறிக் கோத்ததால் வந்த வினை. பாதி நெய்த பிறகுதான் கண்ணில் பட்டதாம். பட்டும் சரிகையும் கொடுத்தவர் கூலியைப் பிடித்துக்கொண்டு புடவையை இவர்கள் தலையில் கட்டிவிட்டார்.

"உனக்கு மூணு விநாடி, தம்பி. எங்களுக்கு இருபது நாள்" என்றார் அந்த அம்மாள்.

கல்யாணப் புடவை வேறொன்று எடுத்தோம். அன்னப் புடவையைப் பையன் தன் பணத்தில் வாங்கிக்கொண்டான், பேரம் பேசாமல். யாருக்கு என்று கேட்டேன். வருகிறவளுக்காம். இனிப் பெண் வீட்டார் கேட்டால், "சென்னையில் தறி போட்டிருக்கிறேன்" என்று சொல்லப் போகிறானாம்.

அக்காவிடம் நான் இதை இன்னும் சொல்லவில்லை.