பாதாளத்தில் ஒரு பாட்டுப் பெட்டி!

மண்ணுக்குக் கீழே 14 அடி ஆழத்துல ஒரு காலித் தண்ணீர்த் தொட்டி. 20 லட்சம் காலன் பிடிக்குற ராட்சஸத் தொட்டி. உள்ளே இறங்கி ஒரே ஒரு தடவை கை தட்டினா, அந்தச் சத்தம் அடங்க 45 விநாடி ஆகும்! 'ஆளை விடு சாமி'ன்னு ஓடத்தானே தோணும்? ஆனா, 1988-ல 56 வயசு அம்மா ஒருத்தர் அக்கார்டியனை மாட்டிக்கிட்டு அதுக்குள்ளே இறங்கினாங்க. கூட டிராம்போன் வாசிக்க ஒருத்தர், பாட ஒருத்தர். வாசிச்சு, ரெக்கார்டிங்கும் முடிச்சுட்டுத்தான் மேலே வந்தாங்க!

அவங்க பேர் பாலின் ஆலிவெரோஸ். தொட்டி இருக்குற இடம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் வார்டன்.

அக்கார்டியன் தெரியும்தானே? நம்ம ஆர்மோனியத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். துருத்தியை இழுத்து அமுக்கினா, காத்து போய் உலோக ரீடுகளை அதிர வைக்கும். ஆட்டம் பாட்டம்னா 'வா ராசா'ன்னு கூப்பிடுவாங்க. பியானோவும் வயலினும் உட்கார்ந்திருக்குற கச்சேரி மேடையில மட்டும் அதுக்கு லேசுல இடம் கிடைக்காது.

பாலின் பிறந்தது 1932-ல, டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்தில். அம்மா, பாட்டி ரெண்டு பேருமே பியானோ டீச்சர்கள். நியாயமா பொண்ணும் பியானோ முன்னாடிதான் உட்கார்ந்திருக்கணும். ஆனா, 'இதையும் சொல்லிக்கொடுத்தா நாலு காசு வருமே'ன்னு அம்மா ஒரு அக்கார்டியனை வீட்டுக்குக் கொண்டுவர, ஒன்பது வயசு பாலின் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. 16 வயசுல 'நான் கம்போஸர் ஆகப் போறேன்'னு முடிவு. 20 வயசுல பெட்டியோட சான் பிரான்சிஸ்கோவுக்குப் பயணம்.

21-வது பிறந்தநாளுக்கு அம்மா கொடுத்த பரிசு, ஒரு டேப் ரெக்கார்டர். மைக்கை ஜன்னல்ல வெச்சு, வெளியே கேட்ட சத்தத்தைப் பதிவு பண்ணினாங்க பாலின். திரும்பப் போட்டுப் பார்த்தா ஆச்சர்யம்! அங்கேயே இருந்தும் தன் காதுக்குச் சிக்காத எத்தனையோ சத்தம் டேப்ல இருக்கு. இனிமே எல்லாத்தையும், எப்பவும் கேட்கணும்னு அன்னிக்கு எடுத்த சபதத்தைக் கடைசிவரைக்கும் விடலை.

ஈ.சி.இ. மக்களே, இப்ப நிமிர்ந்து உட்காருங்க! கம்ப்யூட்டரில் பாட்டு செய்யுறது சாதாரணமா ஆகாத அந்தக் காலத்துல, ஆய்வுக்கூட ஆஸிலேட்டர்களை வெச்சு இசை அமைச்சாங்க இவங்க. ரெண்டு டேப் ரெக்கார்டரைத் தள்ளித் தள்ளி வெச்சு, ஒரே டேப்பை ரெண்டு வழியாவும் ஓட்டுவாங்க. முதல் மெஷின்ல பதிவானது, ரெண்டாவதுக்குப் போய்ச் சேர ஆகுற நேரம்தான் எதிரொலி. டிலே சர்க்யூட் ரெடி! 1965-ல வந்த 'பை பை பட்டர்ஃப்ளை' இப்படிப் பிறந்ததுதான்.

கம்போஸர்னாலே ஆம்பளைன்னு நினைச்ச காலம். 'எங்களை லேடி கம்போஸர்னு கூப்பிடாதீங்க'ங்கிற அர்த்தத்துல 1970-ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. சொல்ல வேண்டியது தலைப்பிலேயே முடிஞ்சுடுச்சு!

வியட்நாம் போர் நாட்டையே உலுக்கிட்டிருந்த நேரத்துல, தனியா உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தை நீள நீளமா வாசிச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதுல இருந்து வந்ததுதான் 'சோனிக் மெடிட்டேஷன்ஸ்'. இதுல ஸ்வரக் குறிப்பே கிடையாது. செய்ய வேண்டியதை வார்த்தையில சொல்லியிருப்பாங்க, அவ்வளவுதான். சங்கீதம் படிக்காதவங்களும் செய்யலாம்.

காதுல விழறது வேற, கேட்கிறது வேற. முதலாவது தானா நடக்கும். ரெண்டாவதைப் பழகித்தான் ஆகணும். பாலின் வாழ்க்கை முழுக்கச் சொன்னது இதைத்தான். அந்தத் தொட்டிக்குள்ளே வாசிச்ச ஆல்பத்துக்கு வெச்ச பேரும் 'டீப் லிஸனிங்'. ஆழமாக் கேட்கிறது. 14 அடி ஆழத்துல போய்க் கேட்டாங்களே, அந்தக் குறும்பும் பேர்லயே இருக்கு!

2001 முதல் இவங்க பேராசிரியரா இருந்தது எங்கே தெரியுமா? நியூயார்க் மாநிலத்தின் ரென்சிலர் பாலிடெக்னிக். ஆமாங்க, இன்ஜினீயரிங்குக்குப் பேர் போன இடம்! கை, கால் அதிகம் அசைக்க முடியாத குழந்தைகளும் இசைக்கணும்னு, லேசான தலையசைவைக்கூட கேமரா வழியாப் பிடிச்சு ஒலியாக்குற சாஃப்ட்வேரை 2007-ல குழுவோடு உருவாக்கினாங்க. 2012-ல, இவங்களோட 80-வது வயசுக் கொண்டாட்டத்துல, அந்தப் பாதாளத் தொட்டியின் எதிரொலியை அங்கேயே மேடையில செயற்கையா வரவழைச்சுட்டாங்க. 2016 நவம்பர்ல, 84 வயசுல, பாலின் காலமானாங்க.

இந்தப் பாட்டி கதை நமக்கு எதுக்குங்கிறீங்களா? குரூப் டிஸ்கஷன்ல எதிராளி வாயை மூடுறதுக்குள்ளே நாம பதிலை ரெடி பண்ணிடறோம். ஹாஸ்டலுக்கு அம்மா போன் பண்ணி 'சாப்பிட்டியா?'ன்னா, 'ம்'. 'படிச்சியா?'ன்னா, 'ம்ம்'. கேள்வி காதுல விழுந்துடுச்சு. அந்தக் குரல் இன்னிக்குக் கொஞ்சம் கம்மியிருந்ததா, எதையோ சொல்ல வந்து நிறுத்துச்சா... அதைக் கேட்டோமா?

இதுக்குப் பாதாளத்துல எல்லாம் இறங்க வேண்டாம் பாஸ். அடுத்த தடவை போன் வந்தா, 'ம்' சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு விநாடி சும்மா இருங்க.