மூச்சிழுத்தால் வலிக்கும் பிள்ளை

முதல் நாள்

நிமோனியாவில் நுரையீரல் திசு தானாக வலிப்பதில்லை. விலா எலும்புகளின் உட்புறத்தை ஒட்டிய நுரையீரல் உறையை அழற்சி எட்டும்போதுதான் ஒவ்வொரு மூச்சும் குத்துகிறது. நுரையீரலின் கீழ்மடலில் நோய் இருந்தால் வலி வயிற்றில் தெரியலாம். குடல்வால் அழற்சியோ என்று சந்தேகிக்கப்பட்ட பிள்ளைக்கு மார்பு எக்ஸ்ரேயில் விடை கிடைப்பதுண்டு. வலிக்கு அஞ்சும் பிள்ளை மேலோட்டமாக மூச்சு விடுகிறது, இருமலை அடக்குகிறது. சளி உள்ளேயே தேங்குகிறது. ஆகவே வலியைத் தணிப்பதும் நுரையீரலுக்கான சிகிச்சையே.

டிரிப்ஸ் ஊசியும் வலியில் சேரும். அவசரம் இல்லையென்றால் மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடலாம். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லக் கூடாது. அடுத்த ஊசிக்கு அந்தப் பிள்ளை யாரையும் நம்பாது.

இரண்டாம் நாள்

பேசத் தெரியாத குழந்தையின் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடும் முறை 1997இல் வெளியானது. மூச்சு நோயில் அதை மட்டும் நம்ப முடியாது. ஆக்சிஜன் குறைந்தாலும் பிள்ளை புரண்டு தவிக்கும். களைத்துப்போனால் அசையாமல் கிடக்கும். முதலில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும். தவிக்கிறதே என்று தூக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

மூன்றாம் நாள்

பாராசிட்டமால், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. காய்ச்சல் வந்தால் மட்டும் என்று எழுதிவைப்பது தவறு; காய்ச்சல் விட்ட பிறகும் விலா வலிக்கும். நீர்ச்சத்து குறைந்த பிள்ளைக்கு ஐபுபுரூஃபன் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஆஸ்பிரின் கூடாது.

நான்காம் நாள்

நுரையீரல் உறைக்குள் சீழ் கட்டி, மார்பில் குழாய் செருகப்பட்டால் வலி கடுமையாகும். கோடீன் என்ற வலி மருந்து இங்கே உதவாது. சில பிள்ளைகளின் உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சை அடக்கிவிடுகிறது. 12 வயதுக்கு உட்பட்டோருக்கு அதைத் தரக் கூடாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் அறிவித்தது. அளந்து கொடுக்கும் மார்ஃபினை மறுக்க அது காரணமல்ல. மூச்சையும் விழிப்பையும் தொடர்ந்து கண்காணித்து, மார்ஃபினின் விளைவை முறிக்கும் நாலாக்சோனைக் கைவசம் வைத்துக்கொண்டு கொடுக்கலாம். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டால் குத்தல் குறையும். சோப்பு நுரைக் குமிழி ஊதும் விளையாட்டு கவனத்தைத் திருப்பும், நுரையீரலையும் விரிக்கும்.

ஆறாம் நாள்

குழாயை எடுப்பதும் வலிக்கும். மருந்தை அதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வீட்டில் வலி மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதைப் பெற்றோருக்கு எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.