பட்டமரத்துக் குடிகள்

டேராடூன் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில், கோதுமை வயலுக்கும் மாந்தோப்புக்கும் இடையே முதிய மாமரம் ஒன்று நிற்கிறது. அதன் பெருங்கிளை ஒன்று பட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆயின. அது காய்ப்பதும் இல்லை. நிழல் தருவதும் இல்லை. குளிர்காலம் வந்ததும் அதனை வெட்டி விறகாக்க வேண்டும் என்பது தோட்டக்காரரின் எண்ணம். அவரைக் குறைகூற இயலாது. மலையடிவாரத்துக் குளிர் அத்தகையது.

கடந்த இளவேனிலில் அக்கிளையில் பொன்முதுகு மரங்கொத்தி இணையொன்று பொந்து குடைந்தது. பட்ட மரம் உளுத்து மென்மையாகிவிடுவதால் குடைவது எளிது. பொன்னிற முதுகும் செந்நிறக் கொண்டையும் இப்பறவையின் அடையாளங்கள். பெண் பறவைக்கு மட்டும் கொண்டையின் முன்பகுதி கறுத்து, வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். கால்விரல்களுள் இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் அமைந்து மரப்பட்டையைப் பற்றிக்கொள்ள, விறைத்த வால் மூன்றாம் காலைப்போல் உடலைத் தாங்கும். விடுமுறைக்குத் தஞ்சைக்கோ நெல்லைக்கோ செல்லும் மாணவர்கள் தென்னந்தோப்பில் காண்பதும் இதே இனந்தான். இந்தி வழங்கும் ஊரிலும் தமிழ் வழங்கும் ஊரிலும் இதன் கூவல் ஒன்றே!

வயலோரம், தோப்பு, நகரப் பூங்கா என எங்கும் இது வாழும். எறும்புகளும் வண்டின் புழுக்களும் கிடைத்து, குடைவதற்கு ஒரு மரமும் இருந்தால் போதும்.

மரங்கொத்திகள் அனைத்தும் இவ்வாறு மனிதரோடு ஒத்து வாழ்வன அல்ல. சிவாலிக் மலையடிவாரத்துச் சால் காடுகளில் பெரிய சாம்பல்நிற மரங்கொத்தி வாழ்கிறது. இன்று உலகில் காணப்படும் மரங்கொத்திகளுள் இதுவே மிகப் பெரியது. நீளம் ஏறத்தாழ 50 செ.மீ. இத்துணைப் பெரிய பறவை கூடமைக்க மிகப் பருத்த அடிமரம் வேண்டும். சால் மரம் அவ்வாறு பருக்கப் பல தலைமுறைகள் ஆகும். மரவாணிகத்திற்காகப் பேணப்படும் காட்டிலோ, உளுத்தவையும் கோணலானவையும் முதலில் அகற்றப்படுகின்றன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அதுவும் பசுங்காடாகவே தோன்றும். முதுமரம் தேடிவரும் பறவைக்கு அங்கே இடமில்லை. 2010ஆம் ஆண்டில் இவ்வினம் அழியும் வாய்ப்புள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மரங்கொத்தி கைவிட்ட பொந்து நெடுநாள் வெறுமையாய் இருப்பதில்லை. மைனாவும் கிளியும் அதனைத் தேடி வரும். மைனாவால் தானே மரத்தைக் குடைய இயலாது.

மார்கழியில் ஒருநாள் தோட்டக்காரர் கோடரியுடன் வந்தார். அடிமரத்தைத் தட்டியவுடன் பொந்திலிருந்து இரண்டு மஞ்சள் விழிகள் எட்டிப் பார்த்தன. புள்ளி ஆந்தை! அவர் சற்றுநேரம் நின்றார். பின்னர், பொந்திருந்த பகுதியை விட்டு நுனிக் கொம்புகளை மட்டும் வெட்டிக் கட்டிச் சுமந்து சென்றார். விறகு அவ்வாண்டு சற்றுக் குறைவுதான்.