கையா, கருவியா?

இன்று ஒரு பழுது பார்த்த கதை. வீட்டில் வீடியோ கேம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

பேரனுக்குப் பிறவியிலிருந்தே வலது கை விரல்களில் வலு குறைவு. அதனால், இங்கே சுரண்டையில் செல்போன் பழுது பார்க்கும் என் பழைய மாணவர், கன்ட்ரோலரின் எக்ஸ் பட்டன் மேல் அகலமான பிளாஸ்டிக் மூடி ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். உள்ளங்கையால் அமுக்கலாம். கார் பந்தயம் நன்றாக ஓடியது.

போன மாதம் வண்டி தானாகப் பாய்ந்தது, நடுவழியில் நின்றது. "சாரல் காலம், ஈரம் இறங்கியிருக்கும்" என்றார் ஒருவர். "மூடி ஒட்டினதுதான் வினை" என்றார் இன்னொருவர். பேரன், "என் கைதான் தாத்தா சரியா அமுக்க மாட்டேங்கு" என்று சொல்லிக் கருவியை அலமாரியில் வைத்துவிட்டான். கணக்கு வராத பிள்ளைகள் இப்படித்தான் முதலில் தங்களையே குறை சொல்வார்கள். வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

எங்களிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 3-இன் டூயல்ஷாக் 3. இதன் பட்டன் வெறும் சுவிட்ச் அல்ல, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. அடியில் மின்சாரம் கடத்தும் ரப்பர் இருக்கிறது. அமுக்க அமுக்க அது பிலிமில் படும் பரப்பு கூடும், மின்தடை குறையும். மெல்ல அமுக்கினால் வண்டி மெல்லப் போகும். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரின் எக்ஸ் பட்டனில் இந்த வசதி இல்லை. ஆகவே இதையே சரிசெய்ய வேண்டும்.

மாணவரும் நானும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம்.

1. மூடியைக் கழற்றி என் விரலால் அமுக்கினேன். அதே கோளாறு. ஆக மூடியும் இல்லை, பேரன் கையும் இல்லை.

2. கணினியில் இணைத்தோம். அழுத்தம் 0 முதல் 255 வரை எண்ணாகத் தெரிந்தது. யாரும் தொடாத பட்டன்களின் எண்களும் துள்ளின. பல பட்டன்கள் சேர்ந்து கெட்டால், அவற்றுக்குப் பொதுவான இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

3. திறந்து பேட்டரியைக் கழற்றினோம். உள்ளே ஈரம் இல்லை. பிலிமைச் சர்க்யூட் போர்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு நாளாகித் தட்டையாகிவிட்டது. தொடர்பு விட்டு விட்டு வந்தது அதனால்தான். பஞ்சுக்கு அடியில் தடித்த காகிதத்தை மடித்து வைத்து மூடினோம். எண்கள் அடங்கின.

செலவு ஒன்றுமில்லை. பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் சோதனையின் முடிவை அவன் கையாலேயே நோட்டில் எழுதச் சொன்னேன்: "கையில் கோளாறு இல்லை."

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். கருவி மக்கர் செய்தால் முதலில் நீங்கள் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். பிள்ளையின் கண் முன்னாலேயே பாருங்கள்.