கல் நீங்கினும் கொழுப்பு நீங்குமோ?

புக்கிட் ரோத்தானில் மகன் வீட்டில் வாழும் மூதாட்டி ஒருவர், பூசை மாடத்தின் அருகே சிறு கண்ணாடிப் புட்டி ஒன்றை வைத்திருக்கிறார். அதனுள் கொண்டைக்கடலை அளவில் மஞ்சள் நிறக் கற்கள் மூன்று. அவருடைய பித்தப்பையை அகற்றிய பின் மருத்துவமனையில் கொடுத்தனுப்பியவை அவை. "என் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லாகி வெளியே வந்துவிட்டது" என்று வருவோரிடம் காட்டி மகிழ்வார்.

அந்த மகிழ்ச்சிக்கு அவர் ஒரு சான்றும் வைத்திருந்தார். அறுவை முடிந்த மூன்றாம் வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கொழுப்பின் அளவு முன்னைவிடக் குறைந்திருந்தது. கல்லோடு நோயும் போயிற்று என்று கருதிய அவர், நெடுநாளாக உண்டுவந்த கொழுப்பு மாத்திரையை எவரையும் கேளாமல் நிறுத்திவிட்டார். தமையனாரை மாரடைப்புக்குப் பறிகொடுத்த குடும்பம் அது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அளவு முன்னினும் உயர்ந்திருந்தது.

கிளினிக்கில் தாதி பொறுமையாக விளக்கினார்: "அம்மா, கல் இருந்தது பையில், கொழுப்பு உண்டாவது கல்லீரலில். பையைத்தான் எடுத்தார்கள். கல்லீரல் அங்கேயேதான் இருக்கிறது."

உண்மை அதுவே. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அதைச் சேர்த்துவைத்துச் செறிவாக்குவதே பித்தப்பையின் பணி. உடலிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் பித்த அமிலமாக மாற்றுகிறது. மற்றொரு பகுதியை அப்படியே பித்தநீரில் கலந்துவிடுகிறது. பித்தநீர் கரைக்கும் அளவை அது மிஞ்சும்போது படிகமாகித் திரண்டு கல்லாகிறது. இது பித்தநீரில் நிகழ்வது. இரத்தத்தின் அளவு வேறு. ஆதலின் பித்தக்கல் உடையோர் யாவருக்கும் இரத்தக் கொழுப்பு மிகுந்திருப்பதில்லை; இரத்தக் கொழுப்பு மிகுந்தோர் யாவருக்கும் கல் தோன்றுவதுமில்லை.

1882ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்னும் மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அது இன்றியும் மனிதர் வாழலாம் என்பது அன்றே தெளிவாயிற்று. பை நீங்கியபின் பித்தநீர் நேரே குடலுக்குச் சொட்டுகிறது. கல்லீரலின் தொழில் நிற்பதில்லை. அறுவைக்குப் பின் கொழுப்புச் சிறிது குறைந்ததாகச் சில ஆய்வுகளும், மாற்றமில்லை எனச் சில ஆய்வுகளும் கூறும். மருந்தை விட்டுவிடும் அளவுக்கு அதை நம்புதல் தகாது. மூதாட்டி கண்ட குறைவுக்குக் காரணம் வேறு: நோயும் அறுவையும் அளவைத் தற்காலிகமாகத் தாழ்த்தும், அந்நாள்களில் அவர் உண்டதும் கஞ்சியே.

இம்மயக்கத்திற்குப் பெயரும் ஒரு காரணம் எனலாம். கொலஸ்ட்ரால் முதலில் அறியப்பட்டது பித்தக்கல்லில்தான். பித்தம், திண்மை என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் 1816ஆம் ஆண்டில் செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதற்குப் பெயரிட்டார். பெயர் கல்லிலிருந்து பிறந்தது. பொருளோ உடலெங்கும் உறைவது.

அம்மூதாட்டி பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டமொன்றில் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர். 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய அப்பகுதியின் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டு மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரிடல் தொடங்கியது. அச்செம்பனையின் எண்ணெயே இன்று அவர் வீட்டு அடுப்பிலும் காய்கிறது. அதில் கொலஸ்ட்ரால் இல்லை. ஆயினும் ஏறத்தாழப் பாதி நிறைகொழுப்பு. அது மிகுந்தால் இரத்தக் கொழுப்பு உயரும். அன்று நடந்த கால்கள் இன்று நாற்காலியில் ஓய்கின்றன. உணவில் மட்டும் தேங்காய்ப் பாலும் பொரியலும் குறையவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியோருள் 100க்கு 38 பேருக்குக் கொழுப்பு மிகை. அவருள் பலர் அதனை அறியாதவர்.

புட்டி இன்னும் மாடத்தருகேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் இப்போது மாத்திரைப் பெட்டியும் இருக்கிறது. கேட்போருக்கு மூதாட்டி சொல்வது: "கல் போனது போனதுதான். கொழுப்பை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."